தெஸ்பாவைச் சிரிக்க வைத்தது யார்?

ஷாண்டீன் வந்தபோது லீலண்ட் இன்னொரு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். ரொட்டி ஆல்டனுடையது, காபியும் ஆல்டனுடையது, உட்கார்ந்திருந்த நாற்காலிகூட ஆல்டனுடையதுதான். மச்சான் வீட்டில் சாப்பிட என்ன கூச்சம் என்பது லீலண்டின் கட்சி. ஆல்டன் பிட்சூயி அவனுக்குச் சொந்த அத்தை மகன். அந்த மண்ணின் பழங்குடியான நவஹோ மக்களின் போலீசில் துப்பறியும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேஜ் ஊரின் ஓரத்தில், ஏரி ஒரு நீலக் கோடாகத் தெரியும் வீட்டில், நாலு ஆடும் ஓயாத காபியுமாகக் காலம் தள்ளினார். ஆடு காணாமல் போனாலும் ஆள் காணாமல் போனாலும் சனங்கள் இன்னும் அவரிடம்தான் வந்து நின்றார்கள்.

லீலண்ட், செம்பாறையைத் தண்ணீர் அறுத்து உண்டாக்கிய குறுகிய இடுக்கைப் பார்க்க வரும் டூரிஸ்டுகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் டிரைவர். துப்பறிவதில் அவனுக்கு இருந்த ஆசையில் பாதி வண்டி ஓட்டுவதில் இருந்திருந்தால், அந்த வண்டியின் முன்விளக்குகள் இரண்டும் உருப்படியாக இருந்திருக்கும்.

ஷாண்டீன் கைக்குழந்தை தெஸ்பாவை, கட்டிச் சுமக்கும் தொட்டில் பலகையோடு இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அந்த இடுக்கு அவள் தாய்வழிக் குடும்பத்து நிலத்தில் இருந்தது. அங்கே வழிகாட்டி வேலை அவளுக்கு. டூரிஸ்டுகளிடம் நாளெல்லாம் சிரித்துப் பேசுகிற முகம், அன்று அழுது வீங்கியிருந்தது.

"பெரியப்பா, தெஸ்பா சிரிச்சுட்டா" என்றாள்.

இதைக் கேட்டு யாராவது அழுவார்களா? நவஹோ வீடுகளில் குழந்தையின் முதல் சிரிப்பு பெரிய சமாசாரம். யார் சிரிக்க வைத்தாரோ அவர்தான் விருந்து போட வேண்டும். குழந்தையின் பிஞ்சுக் கையைத் தன் கையால் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் கல் உப்பு கொடுக்க வைக்க வேண்டும். ஓர் உயிர் இந்த உலகத்துக்குக் கொடுக்கும் முதல் பொருள் அது. சிரிக்க வைத்தவரின் குணம் குழந்தைக்கு ஒட்டும் என்பதால், அந்தப் பேறு தனக்குக் கிடைக்காதா என்று ஆளாளுக்குக் கோமாளித்தனம் செய்வார்கள். ஷாண்டீன் வீட்டில் ஒரு மாதமாக அதுதான் நடந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் சாயங்காலம் அவள் அம்மா லொரெய்ன் மேஜை விரிப்பை வாசலில் உதறியபோது தெஸ்பா கலகலவென்று சிரித்தாள். லொரெய்னுக்குத் தலைகால் புரியவில்லை. எந்த ஆட்டை அடிப்பது என்பதுவரை பேச்சுப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் லீலண்ட் உள்ளே நுழைந்து, இது முதல் சிரிப்பு இல்லையே, காலையிலேயே இடுக்குப் பக்கத்து டிக்கெட் கொட்டகையில் சிரித்ததாமே என்று போட்டு உடைத்தான்.

லீலண்ட் ரொட்டியைக் கீழே வைத்தான். "நான் கேட்டதத்தான் சொன்னேன். குழுவோட நான் இடுக்கு வாசல்வரைக்கும் நடந்து போயிருந்தேன். முட்டிவலிக்காரர் ஒருத்தர் இடுக்குக்குள்ள போகாம வண்டியிலயே உக்காந்திருந்தார். பின்னால கொட்டகையில ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரிச்சுது, சரியாப் பதினொரு மணின்னு அவரே சொன்னார்."

அங்கேதான் வினை. பதினொரு மணிக்குக் கொட்டகைப் பக்கம் இருந்தவர்கள் மூன்று பேர். டிக்கெட் ஜன்னலில் லொரெய்ன். ஐஸ் கட்டி இறக்க வந்த எம்மெட், அதாவது ஷாண்டீனின் கணவன். பக்கத்தில் பொரித்த ரொட்டி விற்கும் மெர்ல். மூவரும் தாங்கள் இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். லொரெய்ன் தானே விருந்தை நடத்திவிடலாம். ஆனால் உரியவர் ஒருவர் இருக்கும்போது அந்தக் கையைத் தான் எப்படிப் பிடிப்பது என்று மறுத்துவிட்டாள். எப்போதும் கிண்டலும் கேலியுமாக இருக்கும் எம்மெட்தான் விளையாடுகிறான் என்று ஷாண்டீனுக்குச் சந்தேகம். ராத்திரி முழுக்க அவனிடம் அவள் பேசவில்லை.

"மூணு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றாங்க, பெரியப்பா. இவ கொடுக்கிற முதல் பொருளே பொய்யில தொடங்கணுமா? என் பிள்ளைய சிரிக்க வச்சேன்னு சொல்லிக்கிறதுல யாருக்கு என்ன வெக்கம்?" என்றவள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆல்டன் குழந்தையை நெடுநேரம் பார்த்தார். குழந்தையும் அவரைப் பார்த்தது. அவர் முகத்தைக் கோணலாக்கிக் காட்டினார், நாக்கைத் துருத்தினார். தெஸ்பா இம்மி அசையவில்லை. லீலண்ட் தன் பங்குக்கு ஆடு மாதிரிக் கத்தினான். குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

"சாமானியத்துல சிரிக்கிற ஆள் இல்ல" என்றார் ஆல்டன். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார்.

கொட்டகை ஊருக்கு வெளியே, நவஹோ நிலத்தின் எல்லைக் கம்பியைத் தாண்டி, செம்மணல் வெளியில் தனியாக நின்றது. உள்ளே தண்ணீர்ப் பெட்டி, ஒரு பெஞ்சு, சுவரில் கடிகாரம். கடிகாரத்தின் கீழே லொரெய்ன் கைப்பட 'ஊர் மணி' என்று எழுதி ஒட்டியிருந்தாள். கோடைக்காலத்தில் நவஹோ நிலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள், ஊரில் தள்ளுவதில்லை; அதனால் நவஹோ மணி ஊர் மணியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். டூரிஸ்டுகள் ஊரிலிருந்து வருவதால் கொட்டகையில் எல்லாமே ஊர் மணிக்குத்தான். லொரெய்னின் கைக்கடிகாரம் மட்டும் வீட்டு மணியை, அதாவது நவஹோ மணியைக் காட்டும். இரண்டு மணியையும் தலைக்குள் வைத்துக்கொண்டு புழங்குவது அங்கே பிறந்தவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி.

ஆல்டன் லொரெய்னிடம் மெதுவாகக் கேட்டார். அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. குழு இடுக்குக்குள் போனபின் குழந்தை அவளோடுதான் இருந்தது. கொட்டகைக் கடிகாரத்தில் பத்து மணி சுமாருக்குத் தங்கை ரோவீனா வந்தாள். குழந்தையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள் லொரெய்ன். திரும்பி வந்ததும் ரோவீனா வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அதன் பிறகு மெர்ல் வந்து அடுப்பு மூட்டினான். எம்மெட் வந்தது பதினொன்றை ஒட்டி. அப்போது லொரெய்ன் ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

ரோவீனா ஊரில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தாள். வண்டி இருக்கைகளின் விரிப்புகளை வாரம் ஒருமுறை அங்கே துவைத்து, கொட்டகைக்குக் கொண்டுவந்து, பெஞ்சில் மடித்து வைப்பது அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய ஒரே மகனை ஏரி கொண்டுபோய்விட்டது. பாறை உச்சியிலிருந்து குதித்தவன் மேலே வரவில்லை. அவன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கமில்லை. அன்றிலிருந்து ரோவீனா ஏரியைத் திரும்பிப் பார்த்ததில்லை, சிரித்ததும் இல்லை.

லீலண்டுக்கு அவள் தங்கை முறை. அவள் பேச்சு வந்தாலே அவன் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான். அந்தப் பையன் கைக்குழந்தையாக இருந்தபோது அவனை முதலில் சிரிக்க வைத்தவன் லீலண்ட்தான். ஆடு அடித்து விருந்து போட்டு, அவன் கையைப் பிடித்து உப்புக் கொடுக்க வைத்தவன். பையன் அச்சு அசலாக அவனைப் போலவே வளர்ந்தான். அதே வாய், அதே துடுக்கு. பாறை உச்சியிலிருந்து குதிக்கும் துடுக்கும் தன்னிடமிருந்து ஒட்டியதுதானோ என்ற எண்ணம் மூன்று வருஷமாக அவனை அரித்துக்கொண்டிருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

"நேத்து பெஞ்சுல விரிப்பு எல்லாம் மடிச்சு இருந்துச்சா?" என்று ஆல்டன் கேட்டார்.

"இருந்துச்சு, மேல ஒண்ணு மட்டும் சுருண்டு கிடந்துச்சு" என்றான் லீலண்ட். "அதை நான்தான் உதறிப் போட்டேன். இவ்வளவு சுத்தமா மடிக்கிறவ ஒண்ணை மட்டும் எனக்குன்னு விட்டுட்டுப் போயிருக்கா பாருன்னு திட்டினேன்கூட. அதை விடு மச்சான், மெர்லைப் பிடி."

மெர்லைப் பிடித்தார்கள். அவன் பெரிய கறுப்புத் தொப்பி வைத்த, தொந்தி பெருத்த மனிதன். விருந்து என்றால் கூப்பிடாமலே வருகிறவன். அவன் குனிந்து தெஸ்பாவைக் கொஞ்சப் பார்த்ததுதான் தாமதம், குழந்தை வீறிட்டு அழுதது. அந்தத் தொப்பியைக் கண்டாலே இவள் இப்படித்தான் என்று அவன் முகம் வாடிப்போனான். தன்னால் அவள் சிரித்திருந்தால் ஊருக்கே மேளம் அடித்துச் சொல்லியிருப்பேன் என்றான்.

முட்டிவலிக்காரர் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை என்பது நல்ல காலம். படகுத்துறையில் மனைவியோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார். ஜெர்மனிக்காரர், எதையும் நிதானமாகச் சொல்லும் மனிதர். மனைவி எப்போது வெளியே வருவாள் என்று போனில் மணி பார்த்தபோதுதான் அந்தச் சிரிப்பு கேட்டதாகச் சொன்னார். திரும்பிப் பார்க்க முட்டி விடவில்லை. படீர் என்று கைதட்டுவது போல ஒரு சத்தம், உடனே குழந்தையின் சிரிப்பு. மறுபடி படீர், மறுபடி சிரிப்பு. அப்புறம் சட்டென்று எல்லாம் நின்றுவிட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டது இந்தப் பயணத்திலேயே நல்ல விஷயம் என்றார். இடுக்குகூட இரண்டாவதுதான் என்றபோது அவர் மனைவி முறைத்தாள்.

இடுக்கைப் பார்த்தவர்கள் அடுத்து ஏரிப் படகுக்குத்தான் போவார்கள்; நேற்று படகைப் பிடித்தீர்களா என்று ஆல்டன் விசாரித்தார். ஐயோ அதை ஏன் கேட்கிறீர்கள் என்று மனைவி ஆரம்பித்தாள். இடுக்கிலிருந்து வெளியே வந்தபோதே படகுக்கு நேரமாகிவிட்டது, ஓட்டமாய் ஓடி வந்தால் படகுத்துறையில் ஈ காக்கை இல்லை, வெயிலில் காய்ந்ததுதான் மிச்சம். லீலண்டுக்கு நினைவு வந்தது. வேகமாப் போ, வேகமாப் போ என்று இருவரும் வழியெல்லாம் அவன் உயிரை எடுத்திருந்தார்கள்.

திரும்பும்போது வண்டியில் லீலண்ட் துள்ளினான். "படீர் படீர்னு சத்தம்! ரொட்டி மாவை ரெண்டு கையிலயும் தட்டுறான்ல மெர்ல்? அதான். அழுமூஞ்சித் தொப்பிக்காரன் நல்லா நடிச்சிருக்கான் மச்சான்."

"மாவு தட்டினா படீர்னு கேக்காது, பொத்துப் பொத்துன்னு கேக்கும். அதுவும் விடாமக் கேக்கும்" என்றார் ஆல்டன். அப்புறம் கைக்குட்டையை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒரு சுண்டு சுண்டினார். லீலண்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூக்குச் சிந்தப் போகிறாரோ என்று பார்த்தான்.

அன்று சாயங்காலம் லொரெய்ன் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். சமையலுக்கு ஒத்தாசையாக ரோவீனாவையும் வரச் சொல்லியிருந்தார் ஆல்டன். எம்மெட் மட்டும் பக்கத்து அறையில், வாசலில் தொங்கவிட்ட கம்பளிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூடாது என்ற பழைய முறையை அந்த வீட்டில் விடாமல் வைத்திருந்தார்கள். நான் இங்கதான் இருக்கேன், என் மேல பழி போடறதுன்னா சத்தமாப் போடுங்க என்று கம்பளி பேசியது. ஷாண்டீன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"முதல்ல எம்மெட்" என்றார் ஆல்டன். "ஷாண்டீன், பதினொரு மணிக்கு உங்கம்மா ஜன்னல்ல இருந்தாங்க. குழந்தை அவங்க காலடியில. எம்மெட் கொட்டகைக்குள்ள காலே வைக்க முடியாது. ஐஸை வெளிய இறக்கிட்டுப் போறதுதான் அவனுக்கு வழி. உன் புருஷன் கேலி பேசுவான், மாமியார் முகத்துல முழிக்க மாட்டான். அவன்கிட்ட நீ பேசலாம்."

கம்பளிக்குப் பின்னால் பெருமூச்சு கேட்டது. ஷாண்டீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெர்ல் தொப்பிக்கு இவ அழறத எல்லாரும் பாத்தாச்சு. லொரெய்ன் மேல சந்தேகமே இல்ல, சிரிப்பு கெடச்சா ஓடிப்போய் ஆடு பிடிக்கிற ஆளு. அப்ப மூணு பேருமே நிஜம்தான் சொல்றாங்க. மூணு பேரும் நிஜம் சொன்னா, பொய் சொல்றது யாரு? மணிதான்."

லீலண்ட் வாயைத் திறந்தான். ஆல்டன் கையமர்த்தினார்.

"டூரிஸ்ட் மணி சொன்னா அது ஊர் மணின்னு எடுத்துக்கறது நம்ம பழக்கம். அவங்க ஊர்லேருந்து வர்றாங்க, நாமளும் அவங்களுக்காக ஊர் மணி வச்சிருக்கோம். ஆனா இவர் பார்த்தது போனை. போனுக்கு யாருக்காகவும் வளைஞ்சு குடுக்கத் தெரியாது. நம்ம நிலத்துல கால் வச்சதும் நம்ம மணிக்கு மாறிடும். அதனாலதான் படகு போயிடுச்சுன்னு ஓடிவந்து, ஒரு மணி நேரம் முன்னாலயே வந்து வெயில்ல நின்னாங்க. அவர் சொன்ன பதினொண்ணு, கொட்டகையில பத்து."

பத்து மணிக்குக் கொட்டகையில் யார் இருந்தது என்று ஒவ்வொருவராகக் கணக்குப் போட்டார்கள். லொரெய்ன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். மெர்ல் வரவில்லை. எம்மெட் வரவில்லை.

"படீர்னு ஒரு சத்தம், ஒரு சிரிப்பு. நேத்து மேஜை விரிப்பை உதறினப்பவும் இவ சிரிச்சா. துணியை உதறி மடிக்கிற சத்தம்தான் இவளுக்குப் பிடிச்சிருக்கு. பெஞ்சுல எல்லா விரிப்பும் மடிஞ்சு இருந்தது, ஒண்ணு மட்டும் பாதியில விட்டிருந்தது. மடிச்சுக்கிட்டிருந்தவங்க திடீர்னு பயந்து போய் விட்டுட்டாங்க. அவங்க பொய் சொல்லல. பதினொரு மணிக்கு அவங்க அங்க இல்ல, அதனால யாரும் அவங்களக் கேக்கவும் இல்ல. நாம தப்பான மணியைக் கேட்டோம்." ஆல்டன் எழுந்து தொப்பியை வைத்துக்கொண்டார். "பேரை நான் சொல்லப் போறதில்ல. அது அவங்க சொல்ல வேண்டியது. நான் ஆட்டைப் பாக்கப் போறேன்."

அவர் வெளியே போய்விட்டார். ரோவீனா அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வேணும்னு செய்யல" என்றாள். "விரிப்பை உதறினேன், சிரிச்சா. அவ சிரிச்சதப் பாத்து நானும் சிரிச்சிட்டேன். மூணு வருஷத்துக்கப்புறம். அப்புறம்தான் உறைச்சுது. என் குணம்ல இவளுக்கு ஒட்டும்? பெத்த பிள்ளைய ஏரிக்குக் குடுத்துட்டு நிக்கிறேன். இந்தத் துக்கம் பிடிச்ச கையால அவளுக்கு உப்பு எடுத்துக் குடுக்கறதா? யாரோ ஒருத்தர் சிரிக்க வச்சதா இருந்துட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன். என்னை விட்டுடுங்க."

ஷாண்டீன் "சின்னம்மா" என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். லொரெய்ன் தங்கையின் தலையைத் தன் மடியில் இழுத்துக்கொண்டாள். ஆல்டன் இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார் என்று லீலண்ட் நினைத்தான். கதவைப் பார்த்தான். மச்சான் வருவதாக இல்லை. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது, ரோவீனாவைத் தேற்றுகிற இந்தப் பாதியை அவர் தனக்காக விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று.

அவன் ரோவீனாவுக்கு எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தான்.

"ரோவீனா, நம்ம பையனை முதல்ல சிரிக்க வச்சது யாரு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீதான் அண்ணா."

"என் வாய் அவனுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"என் துடுக்கும் வந்துச்சு. அப்ப அவன் போனதுக்கு நான்தான் காரணமா? மூணு வருஷமா உன்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். தைரியம் வரல."

ரோவீனா பதறிவிட்டாள். அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்ன பேச்சு இது? உன்னாலதான் அவன் அந்தச் சிரிப்பு சிரிச்சான். இருந்த நாளெல்லாம் வீட்டையே சிரிக்க வச்சான். அது நீ குடுத்தது. ஏரி எடுத்ததுக்கு நீ என்ன பண்ணுவே?"

"அப்ப நீ மட்டும் என்ன பண்ணுவே?" என்றான் லீலண்ட். குரல் உடைந்தது, அவன் அதை மறைக்கவும் இல்லை. "நேத்துக் காலையில இவ பாத்தது உன் அழுகைய இல்லடி. உன் சிரிப்பை. மூணு வருஷம் யாருக்கும் காட்டாததை இவளுக்குத்தான் காட்டியிருக்கே. அதுதான் ஒட்டியிருக்கும்."

கம்பளிக்குப் பின்னால் எம்மெட் மூக்கை உறிஞ்சினான். லொரெய்ன் எழுந்து, மேஜை விரிப்பை உருவித் தங்கையின் கையில் கொடுத்தாள்.

ரோவீனா அதை நெடுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு எழுந்து, இரண்டு முனையையும் பிடித்து, ஓட்டலில் நாளெல்லாம் உதறுகிற பழக்கத்தில் ஒரே வீச்சாக உதறினாள். படீர் என்றது. தொட்டில் பலகையில் தெஸ்பா கண்ணை அகல விரித்தாள். பிறகு உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தாள். ரோவீனா மறுபடி உதறினாள். இந்தத் தடவை சிரித்தது குழந்தை மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்து. ஆட்டுக்கறிக் குழம்பும், மெர்லின் ரொட்டியும், ஏரிக்கரைவரை நின்ற வண்டிகளுமாக ஊரே வந்திருந்தது. மெர்ல் குழந்தைக்காகத் தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு, வழுக்கை வெயிலில் மின்ன நின்றான். உப்பு வாங்க வரிசை நீண்டிருந்தது. ரோவீனா தெஸ்பாவை மடியிலிருந்து தூக்கிக்கொண்டு, வரிசையின் முன்னால் நின்றவர்களையெல்லாம் தாண்டி, கடைசியில் நின்ற லீலண்டிடம் வந்தாள்.

"முதல் உப்பு உனக்குத்தான் அண்ணா. என் பிள்ளைக்கு நீ குடுத்ததுக்கு" என்றாள்.

பிஞ்சு விரல்களை அவள் பிரித்துவிட, இரண்டு கல் உப்பு அவன் உள்ளங்கையில் விழுந்தது. லீலண்ட் ஏதோ சொல்லப் பார்த்தான். வார்த்தை வரவில்லை.

"இந்த வாயை மூட ரெண்டு கல் உப்பு போதும்னு இத்தனை வருஷம் தெரியாமப் போச்சே" என்றார் பக்கத்தில் நின்ற ஆல்டன். ஆனால் அவர் கை மச்சானின் தோளில் இருந்தது.

லீலண்ட் உப்பை வாயில் போட்டுக்கொண்டான். ரோவீனா குழந்தையோடு அடுத்தவரிடம் போனாள். போகிற வழியில், மூன்று வருஷத்தில் முதல் முறையாக, ஒரு நிமிஷம் நின்று ஏரியைப் பார்த்தாள்.